கிளட்ச், கியர் ஓகே... ‘அவசரம்’ பற்றி யார் சொல்லித் தருவது? டிரைவிங் ஸ்கூல் தியரி ஏன் காருக்குள் ஏறவில்லை?

காலை 6 மணி. தெருமுனையில் ‘எல்’ போர்டு மாட்டிய கார் வந்து நிற்கிறது. பின்சீட்டில் ஏற்கெனவே இரண்டு பேர் தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்டியரிங் பிடிப்பவருக்கு அன்றைக்குக் கிடைப்பது அரை மணி நேரம் இருந்தால் அதிகம். “கிளட்ச்சை மெதுவா விடுங்க... செகண்ட் போடுங்க... லெஃப்ட்ல ஒடிங்க... பிரேக்... பிரேக்!” இடது சீட்டில் இருக்கும் மாஸ்டரின் கால், தன் பக்கத்து பிரேக் மேலேயே இருக்கிறது.

டிரைவிங் ஸ்கூலில் கார் கற்றுக்கொண்ட பலருக்கும் பழக்கமான காட்சி இது. மூன்று, நான்கு வாரம் இப்படிப் போகும். பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸ், டெஸ்ட், லைசென்ஸ்.

அடுத்த மாதமே அதே நபர் நான்கு நண்பர்களை ஏற்றிக்கொண்டு இரவு 11 மணிக்கு ஈ.சி.ஆரில் போகலாம். பாட்டு சத்தமாக ஓடும். பின்னால் இருந்து ஒருத்தர், “டேய், அந்த வண்டியை எடுடா” என்பார். அந்த நிமிடத்துக்குத் தேவையான எதையாவது அந்த 21 நாளில் யாராவது பேசியிருப்பார்களா?

என்ன பேசியிருக்க வேண்டும் என்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் 20 வருடங்களுக்கு முன்பே ஒரு விடை தந்துவிட்டார்கள். ஆனால் அந்த விடை, காலை 6 மணிக்கு இடது சீட்டில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டர் எடுத்துப் பயன்படுத்தும் வடிவத்தில் இல்லை. மற்ற நாடுகள் இதை எப்படிச் சமாளித்தன? இந்திய விதிகள் என்ன சொல்கின்றன? பார்க்கலாம்.

முதலில், பிரச்சினை எவ்வளவு பெரியது?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. உயிரிழப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து இரண்டாவது இடம்: 17,884 பேர்.

அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. இறப்புகளில் 71.2 சதவீதத்துக்குக் காரணம் அதிவேகம் என்று பதிவாகியிருக்கிறது. போலீஸ் பதிவு என்பதால் ‘அதிவேகம்’ என்ற ஒரே கட்டத்துக்குள் பல காரணங்கள் அடைபட்டிருக்கலாம். சாலை வடிவமைப்பு, வெளிச்சம், வண்டியின் நிலை எல்லாமே விபத்தில் பங்கு வகிக்கும். அதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு விஷயம் தெளிவாக இருக்கிறது: பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரியாததால் யாரும் 110-ல் போவதில்லை. வேகம் என்பது ஒரு முடிவு. அந்த முடிவை எடுக்கும் மனசுக்கு டிரைவிங் ஸ்கூலில் பாடம் உண்டா என்பதுதான் கேள்வி.

நல்லா ஓட்டத் தெரிந்தால் போதாதா?

‘திறமை கூடினால் விபத்து குறையும்’ என்பது கேட்டவுடனே சரி என்று தோன்றும். நார்வேயும் அப்படித்தான் நினைத்தது. பனியில் வழுக்கும் சாலையில் காரைக் கட்டுப்படுத்தும் பயிற்சியை 1979-ல் புது ஓட்டுநர்களுக்குக் கொண்டுவந்தது. பின்னர் வந்த மதிப்பீடு எல்லோரையும் திகைக்க வைத்தது. இளம் ஆண் ஓட்டுநர்களிடம் வழுக்கல் சாலை விபத்து குறையவில்லை, கூடியிருந்தது.

ஏன்? ஸ்வீடனில் நில்ஸ் பெட்டர் கிரெகெர்சன் 1996-ல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இதற்கு விளக்கம் தருகிறது. இளம் ஓட்டுநர்கள் இரண்டு குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு, அவசர பிரேக் பிடித்துத் தடையைத் தவிர்க்கும் திறமை பயிற்சி. இன்னொரு குழுவுக்கு, ‘இந்த மாதிரி நேரத்தில் உன் திறமை கைகொடுக்காமல் போகலாம்’ என்று அனுபவத்தில் உணர வைக்கும் பயிற்சி. பிறகு சோதித்தால், இரண்டு குழுவின் உண்மையான திறமையிலும் வித்தியாசம் இல்லை. ஆனால் திறமைப் பயிற்சி எடுத்தவர்கள் தங்களைப் பற்றிப் போட்டுக்கொண்ட மதிப்பெண் அதிகம். கை பழகவில்லை, கெத்து மட்டும் ஏறியிருக்கிறது.

மனிதர்கள் பொதுவாகவே தங்கள் ஓட்டும் திறனை அதிகமாக மதிப்பிடுகிறார்கள். ஸ்வீடன் உளவியலாளர் ஓலா ஸ்வென்சன் 1981-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க மாணவர்களில் 93 சதவீதம் பேர் தாங்கள் திறமையில் மேல்பாதியில் இருப்பதாகச் சொன்னார்கள். 100 பேரில் 93 பேர் எப்படி முதல் 50-க்குள் வர முடியும்? கணக்கே இடிக்கிறது.

அப்படியென்றால் என்ன சொல்லித் தர வேண்டும்? நான்கு மாடி, 12 அறை

இந்த அனுபவங்களை வைத்துப் பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிகா ஹதக்கா, எஸ்கோ கெஸ்கினென் ஆகியோர் மற்ற நோர்டிக் ஆய்வாளர்களுடன் சேர்ந்து ஒரு சட்டகத்தை உருவாக்கினார்கள். ‘ஜி.டி.இ. மேட்ரிக்ஸ்’ என்பது அதன் பெயர். ஓட்டுநர் கல்வியின் இலக்குகள் என்று எளிமையாகச் சொல்லலாம். 2002-ல் ஆய்விதழில் வெளியான இதுதான் இன்று ஐரோப்பாவில் ஓட்டுநர் பயிற்சி பற்றிப் பேசும்போது அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் தியரி.

நான்கு மாடிக் கட்டடமாக இதைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

முதல் மாடி: வண்டியைக் கையாள்வது. கிளட்ச், கியர், ஸ்டியரிங், ரிவர்ஸ்.

இரண்டாம் மாடி: போக்குவரத்துக்குள் வண்டியைக் கையாள்வது. சிக்னல், ஜங்ஷன், ஓவர்டேக், திடீரென்று குறுக்கே வரும் ஆட்டோ.

மூன்றாம் மாடி: அந்தப் பயணத்தின் சூழல். எங்கே, எப்போது, யாரோடு, எதற்காகப் போகிறோம்? பொங்கலுக்கு ஊருக்குப் போக ஆபீஸ் முடிந்து இரவு 9 மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் கிளம்புவதா, தூங்கி எழுந்து காலையில் கிளம்புவதா என்பது இந்த மாடி.

நான்காம் மாடி: ஆள் யார் என்பது. கோபம், கெத்து, நண்பர்கள் முன்னால் நிரூபிக்க வேண்டிய கட்டாயம், குடிப்பழக்கம், ரிஸ்க் எடுப்பதில் வரும் கிக்.

ஒவ்வொரு மாடியிலும் மூன்று அறைகள். என்ன தெரியணும், எது ஆபத்தைக் கூட்டும், இதில் நான் எப்படி என்ற சுயமதிப்பீடு. நான்கு மாடி, மூன்று அறை, மொத்தம் 12.

இதில் முக்கியமான விதி ஒன்று: மேல் மாடி கீழ் மாடியை ஆட்டிவைக்கும். முதல் மாடியில் சூப்பராக ஓட்டுபவர், நான்காம் மாடியில் கோபக்காரராக இருந்தால் அந்தத் திறமையே வேகமாகப் போக உதவும். நார்வேயில் நடந்தது இதுதான். நமது வழக்கமான பயிற்சியோ முதல் மாடியிலும் இரண்டாம் மாடியின் பாதியிலும் முடிந்துவிடுகிறது.

நல்ல தியரிதானே, ஏன் காருக்குள் ஏறவில்லை?

மாஸ்டரின் இடத்தில் இருந்து பாருங்கள். காலையில் இருந்து மாலை வரை அடுத்தடுத்து ஆட்கள். டிராஃபிக்கில் ஒரு கண், கற்பவரின் காலில் ஒரு கண். இந்த நிலையில் அவர் கையில் 12 கட்டம் போட்ட தாளைக் கொடுத்து, ‘நான்காம் மாடியின் சுயமதிப்பீட்டை வளர்த்தெடுங்கள்’ என்றால் அவர் என்ன செய்வார்? மடித்து டேஷ்போர்டுக்குள் வைத்துவிடுவார். அதில் தப்பும் இல்லை.

சிக்கல் மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று, மேட்ரிக்ஸ் ‘என்ன’ என்று சொல்கிறதே தவிர, ‘நாளைக்கு 6 மணி கிளாஸில் எப்படி’ என்று சொல்வதில்லை. இரண்டு, கியர் மாற்றுவதைக் கண்ணால் பார்த்துத் திருத்தலாம். அவசர புத்தியை எப்படிப் பார்ப்பது? மூன்று, டெஸ்டில் கேட்காததற்குக் காசு கொடுக்கக் கற்பவர் தயாராக இல்லை. “எட்டு போட வெச்சா போதும் மாஸ்டர்” என்று வருபவரிடம் வாழ்க்கைத் தத்துவம் பேச முடியாது.

இந்த மூன்றையும் ஒவ்வொரு நாடு ஒவ்வொரு விதமாக அவிழ்க்கப் பார்த்திருக்கிறது.

பிரிட்டன்: தியரியை மார்க் ஷீட்டாக மாற்றிய நாடு

பிரிட்டனில் டிரைவிங் இன்ஸ்ட்ரக்டர் ஆக மூன்று தேர்வுகள். மூன்றாவது, சொல்லித்தரும் திறமைக்கான தேர்வு. 2017 டிசம்பருக்கு முன்பு வரை இதில் தேர்வாளரே கற்பவராக நடிப்பார். வேண்டுமென்றே தப்பு செய்வார். இன்ஸ்ட்ரக்டர் அந்தத் தப்பைக் கண்டுபிடித்து, காரணம் சொல்லி, திருத்த வேண்டும். அதாவது ‘தப்பு பிடி, சரி செய்’ மாடல்.

2017 டிசம்பர் 23 முதல் இது மாறியது. இப்போது உண்மையான கற்பவரோடு, உண்மையான வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும். தேர்வாளர் பின்சீட்டில் உட்கார்ந்து 17 அம்சங்களுக்கு மதிப்பெண் போடுவார். பாடத் திட்டமிடலில் 4, ஆபத்து மேலாண்மையில் 5, கற்பிக்கும் முறையில் 8. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 3, மொத்தம் 51. ஆபத்து மேலாண்மைப் பகுதியில் 7 அல்லது அதற்குக் கீழே வாங்கினால், மற்றதில் எவ்வளவு எடுத்தாலும் ஃபெயில்.

இந்த 17-ல் சில அம்சங்கள் சுவாரஸ்யமானவை. கற்பவரின் தேவை என்ன என்று இன்ஸ்ட்ரக்டர் கேட்டுத் தெரிந்துகொண்டாரா? இன்றைய வகுப்பில் ஆபத்துக்கான பொறுப்பு யாருக்கு எவ்வளவு என்று இருவருக்கும் தெளிவாகத் தெரியுமா? தன் பிரச்சினையைத் தானே அலசக் கற்பவருக்கு ஊக்கம் தரப்பட்டதா? மேட்ரிக்ஸின் ‘சுயமதிப்பீடு’ என்ற பெரிய வார்த்தை, இங்கே டிக் அடிக்கக்கூடிய கேள்வியாக மாறிவிட்டது.

கற்பவரின் டெஸ்டையும் பிரிட்டன் மாற்றியது. 2002 நவம்பரில் ஆபத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வீடியோ தேர்வு வந்தது. 14 வீடியோ, 75 மதிப்பெண், கார் ஓட்டுநருக்குப் பாஸ் மார்க் 44. சாலையில் ஏதோ நடக்கப் போகிறது என்று எவ்வளவு சீக்கிரம் கிளிக் செய்கிறீர்களோ அவ்வளவு மதிப்பெண். 2017 டிசம்பர் 4-ல் வந்த மாற்றத்தில், டெஸ்டில் சுமார் 20 நிமிடம் தேர்வாளர் ‘இங்கே திரும்பு, அங்கே திரும்பு’ என்று சொல்லாத முறை வந்தது. நேவிகேஷனையோ வழிகாட்டிப் பலகைகளையோ பார்த்துக் கற்பவரே போக வேண்டும். டெஸ்டில் வந்ததும் அது தானாகவே வகுப்புக்குள்ளும் வந்துவிட்டது.

நார்வேயும் ‘ஹெர்மிஸ்’ திட்டமும்

நார்வேயில் ஓட்டுநர் ஆசிரியர் என்பது இரண்டு ஆண்டு உயர்கல்வி படித்துச் செய்யும் வேலை. 2005-ல் வந்த மாற்றத்துக்குப் பிறகு அங்கே பயிற்சி நான்கு படிகளாக நடக்கிறது. இரண்டாவது, மூன்றாவது படிகளின் முடிவில் ஒரு கட்டாய வகுப்பு உண்டு. கற்பவரும் ஆசிரியரும் சேர்ந்து உட்கார்ந்து, அடுத்த படிக்குத் தயாரா என்று மதிப்பிடுவார்கள். ‘நான் எப்படி ஓட்டுறேன்?’ என்ற கேள்விக்கு அட்டவணையிலேயே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவோடு நடந்து 2010-ல் இறுதி அறிக்கை தந்த ‘ஹெர்மிஸ்’ திட்டம் வேறு வழியில் போனது. இன்ஸ்ட்ரக்டருக்கு இன்னொரு தியரி புத்தகம் கொடுப்பதற்குப் பதிலாக, அப்படியே எடுத்து நடத்தக்கூடிய சின்னச் சின்னக் காட்சிகளையும், கேள்வி கேட்டுப் பேசவைக்கும் ‘கோச்சிங்’ பயிற்சியையும் அது உருவாக்கியது. சமையல் அறிவியல் புத்தகத்தைக் கொடுக்காமல் ரெசிபி கார்டு கொடுத்த மாதிரி.

இந்திய விதிகளில் இதெல்லாம் இல்லையா?

ட்விஸ்ட் இங்கேதான். இருக்கிறது.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 31-வது விதி, டிரைவிங் ஸ்கூல்களுக்கான பாடத்திட்டம். அதன் முதல் பகுதியே டிரைவிங் தியரி. அதில் ‘சாலையில் ஓட்டுநரின் பொறுப்பு’ என்ற தலைப்பின் கீழே ஓட்டும் நடத்தை, மற்றவர்களுக்கு மதிப்பளிப்பது, அதீத தன்னம்பிக்கை, பொறுமையின்மை, தற்காப்பு ஓட்டுதல் என்று வரிசையாக இருக்கிறது. பின்லாந்து மேட்ரிக்ஸ் பிறப்பதற்குப் பல வருடம் முன்பே, அதன் மேல் மாடியின் சாவி நம்ம விதிப் புத்தகத்தில் இருந்திருக்கிறது.

ஆனால் சாவி மட்டும்தான். ‘அதீத தன்னம்பிக்கை’ என்பது அங்கே ஒரு சொல். அதை எப்படி நடத்துவது, எவ்வளவு நேரம் நடத்துவது, கற்பவருக்குப் புரிந்ததா என்று எப்படிப் பார்ப்பது, எதுவும் இல்லை. சொந்த வாகனம் ஓட்டக் கற்பவர்களுக்குப் பயிற்சிக் காலம் குறைந்தது 21 நாள், வண்டி ஓட்டும் நேரம் குறைந்தது 10 மணி என்று எண்கள் உண்டு. பொறுமையின்மைக்கு எண் இல்லை.

அதை நடத்த வேண்டிய மாஸ்டருக்கான தகுதி 24-வது விதியில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேர்ச்சி, ஐந்து ஆண்டு ஓட்டும் அனுபவம், மோட்டார் மெக்கானிக் படிப்புச் சான்றிதழ் அல்லது அதற்கு மேலான மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் தகுதி, போக்குவரத்துக் குறியீடுகள் பற்றிய முழு அறிவு, வண்டிப் பாகங்களை விளக்கும் திறன். இந்தப் பட்டியல் இன்ஜின் தெரிந்த மாஸ்டரைக் கேட்கிறது. மனிதருக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று படித்த மாஸ்டரைக் கேட்கவில்லை.

டூவீலர் விஷயம் இன்னும் மோசம். மோட்டார் சைக்கிளைப் பொறுத்தவரை, பாடத்திட்டத்தின் ஓட்டும் பயிற்சிப் பகுதியில் அந்த வண்டிக்குப் பொருந்துவதை மட்டும் நடத்தினாலே போதும் என்று விதி சலுகை தருகிறது. 2022-ல் சாலையில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் டூவீலரில் போனவர்கள். அண்ணனிடமோ பக்கத்து வீட்டு நண்பனிடமோ பைக் கற்றுக்கொண்டு, நேராக எட்டு போடப் போகிறவர்களுக்கு இந்த அளவு பாடமும் கிடையாது.

2021-ல் வந்த புது விதி இதை மாற்றியதா?

பாதி. 2021 ஜூலை 1 முதல், அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதிகள் அமலுக்கு வந்தன. இங்கே கார் பயிற்சி அதிகபட்சம் நான்கு வாரத்தில் 29 மணி நேரம். அதில் தியரி 8, பிராக்டிகல் 21. சிமுலேட்டரும் சோதனைத் தடமும் கட்டாயம். இங்கே தேர்ச்சி பெற்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஓட்டிக் காட்டும் டெஸ்டில் இருந்து விலக்கு உண்டு. 2024 மே மாதம் ‘ஜூன் 1 முதல் புது ரூல்’ என்று வாட்ஸ்அப்பில் பரவியது இந்தப் பழைய விதிதான். புதிதாக எதுவும் மாறவில்லை என்று அமைச்சகமே அப்போது விளக்கம் தந்தது.

8 மணி நேர தியரி நல்ல தொடக்கம். அந்த நேரம் போர்டு பார்த்துக் குறியீடு மனப்பாடம் செய்வதில் போகிறதா, இல்லை மூன்றாம், நான்காம் மாடியைப் பற்றிய பேச்சில் போகிறதா என்பதில்தான் விஷயம். இடம், ஏக்கர், கருவி என்று கட்டடத்துக்கு இருக்கும் தெளிவு, உரையாடலுக்கு இல்லை.

சரி, நாளைக் காலை 6 மணி கிளாஸில் என்ன செய்யலாம்?

சட்டம் மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லாத சில வழிகள் இருக்கின்றன. மேலே சொன்ன நாடுகளின் அனுபவத்தை நம்ம ஊர் காருக்குள் பொருத்திப் பார்த்தால் கிடைப்பவை இவை.

1. முதலில் உன் மார்க் என்ன? ஒரு ஜங்ஷனைக் கடந்ததும் ஓரமாக நிறுத்தி, “பத்துக்கு எவ்வளவு போடுவீங்க?” என்று கேட்பது. கற்பவர் “எட்டு” என்கிறார், மாஸ்டர் மனசில் ஐந்து. “நான் அஞ்சுதான் போடுவேன். கண்ணாடி பார்த்தீங்களா?” என்று அந்த மூன்று மார்க் வித்தியாசத்தைப் பேசினால் அதுதான் பாடம். செலவு ஒரு நிமிடம். மேட்ரிக்ஸின் மூன்றாவது அறை முழுக்க இதில் அடங்கிவிடும்.

2. வாய்விட்டு ஓட்டுவது. “முன்னாடி பஸ் நிக்குது... அதுக்கு முன்னாடி யாராவது குறுக்க வரலாம்... வேகத்தைக் குறைக்கிறேன்” என்று பார்ப்பதைச் சொல்லிக்கொண்டே ஓட்ட வைப்பது. கற்பவரின் கண் எங்கே போகிறது என்று மாஸ்டருக்குத் தெரிந்துவிடும். இப்படிப் பயிற்சி எடுப்பவர்கள், ஆபத்தைக் கண்டுபிடிக்கும் தேர்வுகளில் முன்னேறுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் முதல் வாரத்தில் வேண்டாம். கிளட்ச்சே பழகாதவருக்குப் பேசுவது கூடுதல் சுமை.

3. பின்சீட்டைப் பயன்படுத்துவது. நம்ம ஊரில் ஒரு காரில் மூன்று பேர் ஏறுவது குறையாகத்தான் பார்க்கப்படுகிறது. காத்திருப்பவர்கள் போன் பார்க்காமல், ஆளுக்கு மூன்று ஆபத்தைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்று வைத்தால், வீணாகப் போகும் நேரம் தியரி வகுப்பாக மாறும். கூடுதல் பெட்ரோல் கூடத் தேவையில்லை.

4. ‘என்ன பண்ணுவீங்க?’ கார்டு. கல்யாண வீட்டில் இருந்து ராத்திரி திரும்பும்போது மாமா ‘நானே ஓட்டுறேன்’ என்கிறார், அவர் குடித்திருக்கிறார். ஆபீஸுக்கு லேட், மேனேஜர் போன் அடிக்கிறார். நண்பர்கள் பின்னால் இருந்து ‘வேகமா போ’ என்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு கார்டு. சரியான விடையை மாஸ்டர் சொல்லத் தேவையில்லை. “மாமாகிட்ட எப்படிச் சொல்வீங்க? சொல்லிக் காட்டுங்க” என்று கேட்டால் போதும். கூச்சத்தோடு ஒரு முறை காருக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம், உண்மையில் தேவைப்படும்போது வாயில் வர வாய்ப்பு அதிகம்.

5. சொந்த ரூட்டில் ஒரு நாள். கடைசி வாரத்தில் ஒரு வகுப்பு, கற்பவர் லைசென்ஸ் வாங்கியதும் தினமும் போகப் போகும் வழியில். வீட்டில் இருந்து ஆபீஸ், அல்லது குழந்தையின் ஸ்கூல். எந்த நேரம் கிளம்புவது, எந்த யு-டர்ன் ஆபத்து, மழை பெய்தால் மாற்று வழி எது என்று அவரே திட்டமிட வேண்டும். மாஸ்டர் வாய் திறக்கக் கூடாது. கால் மட்டும் பிரேக் பக்கத்தில் இருக்கலாம்.

ஐந்திலுமே மாஸ்டர் மேட்ரிக்ஸ் என்ற வார்த்தையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியதில்லை. தியரி பயன்படுகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

இதெல்லாம் விபத்தைக் குறைக்கும் என்று நிரூபணமா?

நேர்மையாகச் சொன்னால், முழுமையாக இல்லை. ஓட்டுநர் கல்வியின் வரலாறே கொஞ்சம் ஏமாற்றங்களின் வரலாறுதான். அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் டிகால்ப் கவுண்டியில் சுமார் 16,000 பள்ளி மாணவர்களை வைத்து ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. மிக விரிவான பயிற்சி பெற்றவர்களிடமும் நீண்ட காலத்துக்கு நிலைக்கும் பெரிய பலன் தெரியவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வுகளும், பள்ளிகளில் தரும் ஓட்டுநர் கல்வியும் லைசென்ஸுக்குப் பிந்தைய பயிற்சியும் விபத்தைக் குறைப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே சொன்னன.

ஜி.டி.இ. மேட்ரிக்ஸும் ஒரு வரைபடம்தான். எதைச் சொல்லித் தர வேண்டும் என்று காட்டும். சொல்லித் தந்தால் இத்தனை உயிர் பிழைக்கும் என்று உத்தரவாதம் தராது. அது பிறந்த பின்லாந்தே 2018-ல் கட்டாயப் பயிற்சி மணி நேரத்தைக் குறைத்து, டெஸ்டுக்கு அதிக எடை கொடுத்தது.

பயிற்சியை விட வலுவான ஆதாரம் இருப்பது படிப்படியான லைசென்ஸ் முறைக்கு. நியூசிலாந்து 1987-ல் இதைக் கொண்டுவந்தது. புது ஓட்டுநர் ஆரம்பத்தில் இரவு நேரம் தனியாக ஓட்டக் கூடாது, நண்பர்களை ஏற்றிக்கொண்டு தனியாகப் போகக் கூடாது என்ற மாதிரி கட்டுப்பாடுகள். மூன்றாம் மாடியின் ஆபத்துகளைச் சட்டமே தற்காலிகமாகப் பூட்டிவைக்கிறது. இந்தியாவில் அப்படி இடைநிலை எதுவும் இல்லை. எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்து டெஸ்ட் பாஸ் செய்தால், அன்றைக்கு ராத்திரியே ஈ.சி.ஆர்.

அதனால்தான் இங்கே அந்தக் காலை வகுப்பின் முக்கியத்துவம் கூடுகிறது. வேறு எந்தத் தடுப்பும் இல்லாத இடத்தில், ஓட்டுவதைப் பற்றி ஒரு பெரியவர் உட்கார்ந்து பேசும் ஒரே சந்தர்ப்பம் அது.

மாஸ்டர் மட்டும் மாறினால் போதுமா?

போதாது. கேள்வி கேட்டுப் பேச வைப்பதற்கு நேரம் வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று வாங்கி, ஒரு காரில் மூன்று பேரை ஏற்றினால்தான் பெட்ரோலுக்குக் கட்டுப்படியாகும் என்ற நிலையில் இருக்கும் சின்ன டிரைவிங் ஸ்கூலிடம் இதை இலவசமாக எதிர்பார்க்க முடியாது. சுருக்கமான மாஸ்டர் பயிற்சி, தமிழில் ரெடியாக அச்சடித்த காட்சி கார்டுகள், லைசென்ஸ் டெஸ்டில் ஆபத்தைக் கண்டுபிடிக்கும் ஒரு பகுதி. இந்த மூன்றும் அரசு தரப்பில் இருந்து வர வேண்டியவை. இதில் மூன்றாவது வந்தால் முதல் இரண்டுக்கும் டிமாண்ட் தானாக வரும் என்பதுதான் பிரிட்டன் தரும் பாடம்.

கற்பவர் பக்கமும் ஒரு பங்கு இருக்கிறது. அடுத்த முறை டிரைவிங் ஸ்கூலில் சேரப் போகிறவர்கள் ஃபீஸ் எவ்வளவு, எத்தனை நாளில் லைசென்ஸ் என்ற இரண்டு கேள்வியோடு நிறுத்திவிட வேண்டாம். “மாஸ்டர், ராத்திரி ஓட்ட ஒரு கிளாஸ் உண்டா?”, “நான் தினமும் போற ரூட்ல ஒரு நாள் கூட்டிட்டுப் போவீங்களா?”, “கடைசி நாள், நீங்க எதுவும் சொல்லாம நான் ஓட்டிப் பார்க்கலாமா?” என்று மூன்று கேள்வி சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். ‘உண்டு’ என்று சொல்லும் ஸ்கூல் கொஞ்சம் தூரமாக இருந்தாலும் பரவாயில்லை.

இரவு 11 மணி ஈ.சி.ஆரில் பின்சீட்டில் இருந்து “எடுடா” என்று குரல் வரும்போது, இடது சீட்டில் மாஸ்டரும் இருக்க மாட்டார், அவர் பக்கத்து பிரேக்கும் இருக்காது.